பதினான்கு வெற்றிக்குப் பிறகும் வேலை போகும்

அமெரிக்கன் ஃபுட்பாலில் 16 லீக் ஆட்டங்களில் 14-ஐ ஜெயித்த ஓர் அணி, அந்த சீசன் முடிந்த கையோடு தன் தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியது. 2006 சீசனின் சான் டியேகோ சார்ஜர்ஸ் அது. போனவர் மார்ட்டி ஷாட்டன்ஹைமர். நான் சார்ஜர்ஸ் ரசிகன். ஆறாத கோபம் அங்கங்கே எட்டிப் பார்க்கும். அதற்கு உரியதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கோபத்தை ஒதுக்கிவைத்தாலும் கேள்வி நிற்கிறது. பிளேஆஃபில் தோற்ற பிறகு கோச்சை மாற்றுவது எப்போது பலன் தருகிறது, எப்போது வெறும் ஆத்திரமாக முடிகிறது? இருபது வருடத்துக்கும் மேலான கதைகளை அடுக்கிப் பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. தோல்விக்கு எந்த இடம் காரணம் என்று துல்லியமாகக் கண்டுபிடித்து அந்த இடத்தில் கைவைத்தவர்கள் பிழைத்தார்கள். பெரும்பாலும் அந்த இடம் தலைமைப் பயிற்சியாளரின் நாற்காலி இல்லை, அவருக்குக் கீழே இருக்கும் கோஆர்டினேட்டரின் நாற்காலி.

விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். என்எஃப்எல் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கின் அணியில் தாக்குதல் ஆட்டத்துக்கு ஒரு கூட்டம், தடுப்பாட்டத்துக்கு வேறு கூட்டம். ஒரே வீரர் இரண்டிலும் இறங்குவது மிக அபூர்வம். தாக்குதல் பக்கத்துக்கு அஃபென்ஸ் கோஆர்டினேட்டர், தடுப்புப் பக்கத்துக்கு டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் என்று தனித்தனித் தளபதிகள் உண்டு. இருவருக்கும் மேலே தலைமைப் பயிற்சியாளர். சிலர் ஒரு பக்கத்துக்கான உத்தியைத் தாங்களே கையில் வைத்துக்கொள்வார்கள், சிலர் இரண்டையும் ஒப்படைத்துவிட்டு மேற்பார்வை மட்டும் பார்ப்பார்கள்.

32 அணிகளில் இப்போது 14 பிளேஆஃபுக்குப் போகின்றன. 2019 சீசன் வரை 12. எல்லாமே ஒற்றை ஆட்டம், தோற்றால் அதோடு சரி. ஐபிஎல்லில் முதல் இரண்டு இடத்துக்கு வந்த அணி ஒரு முறை தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். கூடைப்பந்தில் ஏழு ஆட்டத் தொடர் வைக்கிறார்கள். இங்கே அந்தக் கருணை கிடையாது. முதலிடத்துக்குக் கிடைப்பது ஒரு வார ஓய்வும் சொந்த மைதானமும்தான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். நல்ல அணி ஒன்றுக்கு ஒவ்வொரு பிளேஆஃப் ஆட்டத்தையும் வெல்ல 60 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஓய்வு வாரம் போக மூன்று ஆட்டங்களையும் அது வெல்லும் வாய்ப்பு 22 சதவீதத்துக்கும் கீழே. ஐந்து வருடத்தில் ஏறக்குறைய நான்கு வருடம் கோப்பை இல்லாமல்தான் வீடு திரும்பும், கோச் ஒரு தப்பும் செய்யாவிட்டாலும்கூட.

2007 ஜனவரி 14-ஆம் தேதிக்கு வருவோம். எதிரணி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். சார்ஜர்ஸின் லடேனியன் டாம்லின்சன் அந்த சீசனில் 31 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) எடுத்து சாதனை படைத்திருந்தார், லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்குத்தான். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஃபிலிப் ரிவர்ஸுக்கு முழுநேரமாக ஆடிய முதல் வருடம். நான்காவது குவார்ட்டரில் ஆறு நிமிடத்துச் சொச்சம் மிச்சமிருக்க, சார்ஜர்ஸ் 21-13 என்று முன்னிலை. பேட்ரியட்ஸுக்கு நான்காவது டவுன், அதாவது 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் கடைசி. டாம் பிரேடி எறிந்த பந்தை சார்ஜர்ஸின் மார்லன் மெக்ரீ இடைமறித்துப் பிடித்தார்.

பிடித்திருக்கவே வேண்டாம். தட்டிக் கீழே விட்டிருந்தாலே பந்து சார்ஜர்ஸுக்குத்தான். பிடித்ததும் அப்படியே படுத்திருந்தாலும் போதும். அவர் ஓடினார். பேட்ரியட்ஸின் டிராய் பிரவுன் பின்னாலிருந்து பந்தைப் பிடுங்கிவிட, ரீச்சி கால்டுவெல் அதை அமுக்கிக்கொண்டார். பேட்ரியட்ஸுக்குப் புதிதாக நான்கு வாய்ப்பு கிடைத்தது. டச்டவுன், அதன்மேல் இரண்டு புள்ளி, ஆட்டம் சமன். பிறகு ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி), 24-21. கடைசி நொடிகளில் சார்ஜர்ஸின் கிக்கர் நேட் கேடிங் 54 யார்டு தூரத்திலிருந்து உதைத்த பந்து உள்ளே போகவில்லை.

இதில் கோச்சின் பங்கு என்ன? கொஞ்சம் உண்டு, மறைக்க மாட்டேன். முதல் குவார்ட்டரில் ஃபீல்டு கோலுக்குப் போகாமல், நான்காவது டவுனில் 11 யார்டு தேவைப்பட்டபோதும் துணிந்து ஆடச் சொன்னார் மார்ட்டி, பந்து பறிபோனது. வேடிக்கை என்னவென்றால், ‘மார்ட்டிபால்’ என்று ஊர் கேலி செய்ததே அவருடைய அதீத ஜாக்கிரதையைத்தான். பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடு, தடுப்பாட்டத்தை நம்பு, அபாயம் வேண்டாம். அந்த ஒரு நாள் அவர் அபாயத்தை எடுத்தார், அதற்கும் திட்டு வாங்கினார்.

மார்ட்டியின் கணக்கு விசித்திரமானது. லீக் ஆட்டங்களில் 200 வெற்றி, 126 தோல்வி, ஒரு சமன். பிளேஆஃபில் 5 வெற்றி, 13 தோல்வி. லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஒரு தடவைகூட எட்டவில்லை. கிளீவ்லாந்து பிரவுன்ஸில் இருந்தபோது 1987 ஜனவரியில் டென்வரின் ஜான் எல்வே ஆட்ட இறுதியில் 98 யார்டு நடத்திக்கொண்டுபோய் சமன் செய்தார். ஓவர்டைமில் பிரவுன்ஸ் தோற்றது. அடுத்த வருடம் அதே டென்வருக்கு எதிராக எர்னஸ்ட் பைனர் கோல் எல்லையை நெருங்கும்போது பந்தை நழுவவிட்டார். பிறகு மார்ட்டி கேன்சஸ் சிட்டி சீஃப்ஸுக்குப் போனார். 1995 சீசனில் 13-3 (13 வெற்றி, 3 தோல்வி) என்று முதலிடம் பிடித்த அணி இண்டியானாபொலிஸிடம் 10-7 என்று விழுந்தது. அந்த ஆட்டத்தில் அவருடைய கிக்கர் மூன்று ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டார்.

இத்தனை முறை நடந்தால் அது துரதிர்ஷ்டம் மட்டும்தானா என்று கேட்பவர்களுடைய நியாயமும் எனக்குப் புரிகிறது. நெருக்கமான ஆட்டங்களாகவே அமையும்படி அணியை நடத்துபவருக்கு, நாணயச் சுண்டல் நாள்கள் அதிகமாக வரும். மார்ட்டிபாலின் உண்மையான விலை அதுவாக இருக்கலாம். ஆனால் 2006 சார்ஜர்ஸ் அந்த வகை அணி அல்ல. லீக்கிலேயே அதிகப் புள்ளி குவித்த அணி அதுதான்.

வெளியில் சொல்லப்பட்ட காரணமும் அந்த ஆட்டம் இல்லை. பொது மேலாளர் ஏ.ஜே.ஸ்மித்துக்கும் மார்ட்டிக்கும் பேச்சுவார்த்தையே சரியில்லை. தோல்விக்குப் பிறகு அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் கேம் கேமரன் மயாமிக்கும், டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் வேட் ஃபிலிப்ஸ் டாலஸுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களாகக் கிளம்பினார்கள். காலி இடங்களுக்கு யாரைப் போடுவது என்பதில் மறுபடி உரசல். பிப்ரவரி 12-ஆம் தேதி, தோற்று ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, உரிமையாளர் டீன் ஸ்பானோஸ் மார்ட்டியை நீக்கினார். ஆக 14 ஆட்டம் ஜெயித்த அணியின் மூன்று பெரிய மூளைகளும் ஒரே குளிர்காலத்தில் காலி.

பதிலுக்கு வந்தவர் நார்வ் டர்னர். முதல் வருடமே அணியை மாநாட்டு இறுதிப் போட்டி வரை, அதாவது சூப்பர் பவுலுக்கு முந்தைய படி வரை கொண்டுபோனார், மார்ட்டி சான் டியேகோவில் எட்டாத படி அது. ‘பார்த்தாயா’ என்றார்கள் நண்பர்கள். அங்கே தடுத்தது அதே பேட்ரியட்ஸ், 21-12. 2009 சீசனில் 13-3 என்று வந்து, சொந்த மைதானத்தில் நியூயார்க் ஜெட்ஸிடம் 17-14 என்று தோற்றபோது நேட் கேடிங் மூன்று உதைகளைத் தவறவிட்டார். இதே கேடிங்தான் 2005 ஜனவரியில், மார்ட்டியின் காலத்தில், இதே ஜெட்ஸுக்கு எதிராக ஓவர்டைமில் 40 யார்டிலிருந்து விட்டவர். லீக் ஆட்டங்களில் அவருடைய துல்லியம் அந்தக் காலத்தின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. கோச் மாறினார், உதை மாறவில்லை. 2012 முடிந்ததும் டர்னரையும் அனுப்பினார்கள்.

இதற்கு நேரெதிரான கதை டாம்பாவில் நடந்தது. டாம்பா பே பக்கனியர்ஸின் அப்போதைய உரிமையாளர் மால்கம் கிளேசர். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கி உலகம் முழுக்கத் திட்டு வாங்கிய அதே குடும்பம். 1983 முதல் 1996 வரை 14 சீசன் பிளேஆஃப் பக்கமே தலைகாட்டாத அணியைத் தூக்கி நிறுத்தியவர் டோனி டங்கி. டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் மான்டி கிஃபினோடு சேர்ந்து அவர் செதுக்கிய தடுப்பு முறைக்கு ‘டாம்பா 2’ என்று பெயரே வந்தது. ஆறு வருடத்தில் நான்கு முறை பிளேஆஃப். அப்படிப்பட்டவரை 2002 ஜனவரியில் நீக்கினார்கள்.

மார்ட்டிக்காகக் கொதிக்கும் நான் இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இங்கே நோய் எண்களிலேயே தெரிந்தது. டங்கி கடைசியாகத் தோற்ற மூன்று பிளேஆஃப் ஆட்டங்களில் டாம்பா எடுத்த புள்ளிகள்: 1999 சீசனில் செயின்ட் லூயிஸ் ராம்ஸிடம் 11-6, அடுத்து ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸிடம் 21-3, அடுத்த வருடம் மறுபடி ஈகிள்ஸிடம் 31-9. மூன்று ஆட்டத்திலும் ஒரு டச்டவுன்கூட இல்லை. ராம்ஸ் அந்தக் காலத்தின் அதிரடி அணி. அவர்களை 11 புள்ளியில் நிறுத்தியும் தோற்றால் தப்பு எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியதே இல்லை. இடையில் அஃபென்ஸ் கோஆர்டினேட்டரையும் மாற்றிப் பார்த்தார்கள்: 1999-இல் ஒருவர், 2000-இல் ஒருவர், 2001-இல் ஒருவர். கீழே மாற்றிப் பார்த்து முடிந்த பிறகுதான் மேலே கை வைத்தார்கள்.

கொண்டுவந்தது ஜான் குரூடனை. அவர் ஓக்லாந்து ரெய்டர்ஸின் கோச். தாக்குதல் ஆட்டம்தான் அவருடைய உயிர். சில வாரம் முன்புதான் பனி கொட்டிய இரவில், நடுவர் முடிவொன்றால் இன்றும் வாதாடப்படும் ஆட்டத்தில், பேட்ரியட்ஸிடம் 16-13 என்று தோற்றிருந்தார். ஒப்பந்தத்தில் இருந்த கோச்சை விடுவிக்க ரெய்டர்ஸ் முதலாளி அல் டேவிஸ் கேட்ட விலை, புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டு முதல் சுற்று வாய்ப்பு, இரண்டு இரண்டாம் சுற்று வாய்ப்பு, 80 லட்சம் டாலர். ஒரு கோச்சுக்கு இவ்வளவா என்று வாயைப் பிளந்தார்கள்.

குரூடன் செய்த புத்திசாலித்தனம், கிஃபினையும் தடுப்பாட்டத்தையும் தொடாமல் விட்டது. அந்த சீசனில் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளி கொடுத்த அணி டாம்பாதான். மாநாட்டு இறுதியில், இரண்டு வருடம் தங்களை அடித்த ஈகிள்ஸை அவர்கள் ஊரிலேயே 27-10 என்று சாய்த்தார்கள். 37-வது சூப்பர் பவுலில் எதிரே நின்றது யார் தெரியுமா, குரூடன் விட்டுவந்த அதே ரெய்டர்ஸ். அவர்களுடைய குவார்ட்டர்பேக் ரிச் கேனனை வளர்த்தவர் என்பதால், பயிற்சியில் தானே கேனனாக நின்று தன் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பாடம் எடுத்தார். கேனன் ஐந்து இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி இடைமறித்துப் பிடிப்பது) கொடுத்தார், அதில் மூன்று நேராக டச்டவுன் ஆயின. 48-21.

அதற்குப் பிறகு டாம்பாவில் குரூடன் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. நான்கு உயர் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்துவிட்ட அணிக்குப் புது இரத்தம் எங்கிருந்து வரும்? 2009 ஜனவரியில் அவரையும் அனுப்பினார்கள். டங்கியோ இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குப் போய், மார்ட்டியை வீழ்த்திய அதே பேட்ரியட்ஸை அடுத்த வாரமே 21-3 பின்தங்கலிலிருந்து எழுந்து 38-34 என்று வென்று, சூப்பர் பவுல் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஒரே வேலை நீக்கம் இரண்டு ஊருக்கும் கோப்பை கொடுத்த கதை இது. இதைக் காட்டித்தான் ஒவ்வொரு உரிமையாளரும் தன் அவசரத்துக்கு நியாயம் தேடுகிறார்.

டென்வரும் இப்படி மேற்கோள் காட்டப்படுகிற ஊர். ஜான் ஃபாக்ஸ் நான்கு வருடமும் பிரிவில் முதலிடம் பிடித்தவர். 2015 ஜனவரி 11-இல் கோல்ட்ஸிடம் 24-13 என்று தோற்றார், மறுநாளே விலகல் அறிவிப்பு. அப்போது டென்வர் நிர்வாகத்தில் இருந்த, மார்ட்டியை அன்று வீழ்த்திய அதே எல்வேக்கு, தோற்றதைவிட மல்லுக்கட்டாமல் தோற்றதுதான் பொறுக்கவில்லை. புதிய கோச் கேரி குபியாக் அடுத்த வருடமே 50-வது சூப்பர் பவுலை வென்றார். ஆனால் குபியாக்கின் துறை தாக்குதல் ஆட்டம், அந்த வருடம் டென்வரின் தாக்குதல் தள்ளாடியது. பெய்ட்டன் மேனிங் எறிந்தது 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். கோப்பையைத் தூக்கிக் கொடுத்தது தடுப்பாட்டம். அதை நடத்தியவர், முந்தைய வருடம் முழுக்க வேலையில்லாமல் இருந்த வேட் ஃபிலிப்ஸ். ஆம், மார்ட்டியின் சார்ஜர்ஸில் இருந்த அதே ஃபிலிப்ஸ். தலைப்புச் செய்தி குபியாக், ஆட்டத்தை மாற்றியது கோஆர்டினேட்டர்.

இந்த வித்தையைத் தெரிந்தே செய்த அணி கேன்சஸ் சிட்டி. ஆண்டி ரீட் ஃபிலடெல்ஃபியாவில் 14 வருடம் இருந்து, 2012-இல் 4-12 என்று சரிந்ததும் அனுப்பப்பட்டவர். ஒரு வாரத்துக்குள் சீஃப்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அங்கேயும் பிளேஆஃப் சாபம் விடவில்லை. 2014 ஜனவரியில் கோல்ட்ஸுக்கு எதிராக 38-10 என்று முன்னிலையில் இருந்து 45-44 என்று தோற்றார். 2017-இல் பிட்ஸ்பர்க் ஒரு டச்டவுன்கூட அடிக்காமல் ஆறு ஃபீல்டு கோலிலேயே 18-16 என்று ஜெயித்துவிட்டுப் போனது. 2018-இல் டென்னசியிடம் 21-3 முன்னிலை, முடிவில் 22-21. மார்ட்டி பட்டியலுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல இது. உரிமையாளர் கிளார்க் ஹன்ட் அசையவில்லை.

2019 ஜனவரியில் மாநாட்டு இறுதி, பேட்ரியட்ஸுக்கு எதிராக. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 31 புள்ளி சேர்த்துக் கொடுத்தார். ஓவர்டைமில் நாணயம் சுண்டியதில் பந்து பிரேடிக்குப் போனது. மூன்று முறை மூன்றாவது டவுனில் 10 யார்டு தேவைப்பட்டது, மூன்று முறையும் பிரேடி எடுத்தார், 37-31. மஹோம்ஸ் ஓவர்டைமில் பந்தைத் தொடவே இல்லை. எங்கே ஓட்டை என்று குழந்தைக்கும் தெரிந்தது. சில நாளில் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் பாப் சட்டன் வெளியே, ஸ்டீவ் ஸ்பக்னுவோலோ உள்ளே. தோல்வியே காணாமல் சூப்பர் பவுலுக்கு வந்த பேட்ரியட்ஸை 2008-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் 14 புள்ளியில் அடக்கியபோது தடுப்புப் பக்கத்தை நடத்தியவர் அவர். அடுத்த சீசனிலேயே கோப்பை. பிறகு 2022, 2023 சீசன்களிலும்.

இதை மந்திரமாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. 2024 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ் ஓவர்டைமில் 25-22 என்று சீஃப்ஸிடம் தோற்றபோது, கோச் கைல் ஷனஹன் தன் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஸ்டீவ் வில்க்ஸை நீக்கினார். மஹோம்ஸை 60 நிமிடத்தில் 19 புள்ளியில் கட்டிவைத்த தடுப்பாட்டம் அது. அடுத்த வருடம் காயங்களும் சேர்ந்துகொள்ள 49ர்ஸ் 6-11. வில்க்ஸுக்கு நடந்ததைப் பழி சுமத்தல் என்றுதான் நான் சொல்வேன்.

ஜெயிக்கிற அணிக்கு இன்னொரு தலைவலி: நல்ல கோஆர்டினேட்டரை வைத்திருந்தால் ஊரார் கொத்திக்கொண்டு போவார்கள். லீக் சுற்று முடிந்த மறுநாளை ‘பிளாக் மண்டே’ என்பார்கள், தோற்ற அணிகள் கோச்சுகளைக் கொத்தாக நீக்கும் நாள். பிளேஆஃபில் ஆடுகிற அணியின் உதவியாளர்களுக்கு அப்போதிலிருந்தே நேர்காணல் அழைப்புகள் வரும். எப்போது பேசலாம் என்பதற்கு விதிகள் உண்டு, மனம் எங்கே இருக்கிறது என்பதற்கு விதி இல்லை. டெட்ராய்ட் லயன்ஸ் 2024 சீசனில் 15-2 என்று முதலிடம், முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் 45-31 என்று தோல்வி. சில நாளில் அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் பென் ஜான்சன் சிகாகோவுக்கும் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஆரன் கிளென் ஜெட்ஸுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களாகப் போனார்கள். அந்தப் பேச்சுவார்த்தைதான் தோல்விக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தால் யாரும் தோற்பார்கள். ஆனால் 2007 சான் டியேகோவைப் பார்த்தவனுக்கு அந்தச் செய்தி புதிதாக இல்லை.

ஃபிலடெல்ஃபியாவின் நிக் சிரியானி இந்த வட்டம் முழுவதையும் மூன்று வருடத்தில் சுற்றி வந்தவர். 2023 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் சீஃப்ஸிடம் 38-35 என்று தோற்றார். உடனே இரண்டு கோஆர்டினேட்டர்களும் வேறு அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர்களாகப் போனார்கள். அடுத்த சீசனை 10-1 என்று தொடங்கிய அணி 11-6 என்று முடிந்து, பிளேஆஃபில் டாம்பாவிடம் 32-9 என்று கவிழ்ந்தது. சிரியானியைத் துரத்து என்று ஊரே கத்தியது. ஈகிள்ஸ் அவரை வைத்துக்கொண்டு, தடுப்புக்கு விக் ஃபாஞ்சியோவையும் தாக்குதலுக்கு கெல்லன் மூரையும் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் ஆண்டி ரீடின் சீஃப்ஸை 40-22 என்று நொறுக்கி சூப்பர் பவுலைத் தூக்கினார்கள். வெற்றிக்குச் சில நாள் கழித்து மூர் நியூ ஆர்லியன்ஸ் சென்ட்ஸின் தலைமைப் பயிற்சியாளராகக் கிளம்ப, உள்ளேயே இருந்த கெவின் பட்டூலோவை உயர்த்தி அந்த நாற்காலியில் உட்கார வைத்தது ஃபிலடெல்ஃபியா.